பழைய சேலம் ஜில்லா ஒரு தனி நாடாக இருந்திருந்தால்...

டிஸ்கி: இது பிரிவினைவாதக் கட்டுரை இல்லீங்க. சும்மா ஒரு கற்பனை. யாரும் ஆட்டோ அனுப்பிடாதீங்க :-)

ஒலிம்பிக்ஸ் வந்தாலே பதக்கப் பட்டியலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று தேடுவது ஒரு வியாதி. மேலிருந்து தேட ஆரம்பித்தால் கை வலிக்கும். அதனால் கீழிருந்து தேடுவோம். இந்தியாவை விட்டுவிட்டு நம்மூரையே ஒரு நாடாக வைத்துத் தேடினால் எப்படி இருக்கும் என்று ஒரு விபரீத எண்ணம் வந்தது. அதன் விளைவுதான் இது.

நாட்டின் பெயர்: பழைய சேலம் ஜில்லா. இப்போதைய சேலம் மட்டும் இல்லை. 1965ல் பிரிந்து போன தருமபுரி, 1997ல் பிரிந்து போன நாமக்கல், 2004ல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி, எல்லோரையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறோம். ஓசூர் வரைக்கும் நம்ம ராஜ்ஜியம்தான். தேசியப் பழம் மாம்பழம். தேசிய வாகனம் லாரி. தேசியப் பறவை எது என்பதில் மயிலுக்கும் நாமக்கல் கோழிக்கும் கடும் போட்டி. ஏற்றுமதி: முட்டை, ஜவ்வரிசி, கொலுசு, போர்வெல் வண்டி. நாடு நடத்த இது போதாதா என்ன?

இந்த நாட்டை பாராலிம்பிக்ஸுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்ஸுக்கு, அனுப்பிப் பார்ப்போம்.

ரியோ 2016: தங்கம். ஆண்கள் உயரம் தாண்டுதல் டி-42 பிரிவு. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 1.89 மீட்டர்.
டோக்கியோ 2020 (கொரோனாவால் 2021ல் நடந்தது): வெள்ளி. அதே மாரியப்பன், டி-63 பிரிவு, 1.86 மீட்டர்.
பாரிஸ் 2024: வெண்கலம். மறுபடியும் மாரியப்பன், 1.85 மீட்டர்.
பாரிஸ் 2024: இன்னொரு வெண்கலம். பாட்மிண்டன் எஸ்எச்-6 பிரிவு, ஓசூர் நித்யஸ்ரீ சிவன்.

ஆக 3 போட்டிகளில் 4 பதக்கம். 1.89 மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஆறடி இரண்டு அங்குலம். நம் வகுப்பிலேயே உயரமானவனை நிற்க வைத்து அவன் தலைக்கு மேலே தாண்டுகிற கணக்கு. வலது கால் பழுதான ஒருவர் அதைத் தாண்டியிருக்கிறார்.

சின்ன நாடு, புது நாடு. பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? இப்போது நிஜ நாட்டின் கணக்கைப் பார்ப்போம்.

இந்தியாவின் கணக்கு

பாராலிம்பிக்ஸின் ஆரம்பம் ஒரு ஆஸ்பத்திரி. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், முதுகுத்தண்டில் அடிபட்ட போர்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1948ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி ஒன்று நடத்தினார். அது வளர்ந்து வளர்ந்து 1960ல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக்ஸ் ஆனது.

இந்தியா முதலில் போனது 1968ல், டெல் அவிவுக்கு. பதக்கம் இல்லை. 1972ல் ஹைடல்பெர்க். 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் என்றால் 2008 அபினவ் பிந்த்ராதான் என்று நாம் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அது ஒலிம்பிக்ஸ் கணக்கு. அதற்கு 36 வருடம் முன்பே ஒருவர் நீந்தித் தங்கம் வாங்கிவிட்டார். 2024ல் அவரைப் பற்றி இந்தியில் 'சந்து சாம்பியன்' என்று படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரியும்.

1976லும் 1980லும் இந்தியா போகவே இல்லை. 1984ல் 4 பதக்கம். அதில் ஜோகிந்தர் சிங் பேடி என்ற ஒருவர் மட்டுமே 3 பதக்கம் வாங்கினார் (ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம்). பீம்ராவ் கேசர்கர் ஒரு வெள்ளி. அதே 1984ல்தான் பி.டி.உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். உஷா இழந்த பதக்கம் நம் அப்பா அம்மா காலத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். பேடி வாங்கிய மூன்று பதக்கம் யாருக்கும் தெரியாது.

பிறகு 1988 முதல் 2000 வரை முட்டை. (நாமக்கல் முட்டை இல்லை.) 2004 ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதலில் தங்கம், ரஜிந்தர் சிங் ரஹேலு பளு தூக்குதலில் வெண்கலம். 2008ல் மறுபடி பூஜ்யம். 2012 லண்டனில் கிரிஷா நாகராஜகவுடா உயரம் தாண்டுதலில் வெள்ளி.

கூட்டிப் பாருங்கள். 1968 முதல் 2012 வரை 44 வருடத்தில் மொத்தம் 8 பதக்கம். நம் கற்பனை நாடு 2016 முதல் 2024 வரை எட்டே வருடத்தில் 4. சதவீதக் கணக்கில் நாம்தான் வல்லரசு :-)

அதன் பிறகு கதை மாறியது. ரியோவில் 4. டோக்கியோவில் 19. பாரிஸில் 84 பேர் போய் 29 பதக்கம், அதில் 7 தங்கம், பட்டியலில் 18வது இடம். 2015ல் இதே இந்தியாவின் பாராலிம்பிக் கமிட்டியை உட்சண்டைக்காகவும், வீரர்களை நடத்திய விதத்துக்காகவும் சர்வதேச கமிட்டி இடைநீக்கம் செய்து வைத்திருந்தது என்பதை நினைத்தால், ஒன்பது வருடத்தில் இது பெரிய தாவல்தான்.

ஒரு மொக்கை ஒப்பீடு

பாரிஸ் முடிந்ததும் எல்லோர் கைபேசிக்கும் ஒரு படம் வந்தது. "ஒலிம்பிக்ஸில் 117 பேர் போய் 6 பதக்கம். பாராலிம்பிக்ஸில் 84 பேர் போய் 29 பதக்கம். கை கால் நன்றாக இருப்பவர்கள் வெட்கப்படுங்கள்." இந்த மாதிரி.

பி.காம் படிக்கிற நாம் இதை அப்படியே விழுங்கக் கூடாது. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 329 பதக்கப் போட்டிகள். பாராலிம்பிக்ஸில் 549. கலந்துகொண்ட வீரர்கள் ஒலிம்பிக்ஸில் பத்தாயிரத்துக்கு மேல், பாராலிம்பிக்ஸில் அதில் பாதிகூட இல்லை. உடல் குறைபாட்டின் தன்மைக்கு ஏற்ப பிரிவுகள் அதிகம் என்பதால் போட்டிகளும் அதிகம். வகுத்தல் போடாமல் இரண்டையும் பக்கத்தில் வைப்பது, ஒரு கம்பெனியின் விற்பனையையும் இன்னொரு கம்பெனியின் லாபத்தையும் ஒப்பிடுவது மாதிரி.

பாரா வீரர்களின் சாதனை சின்னது என்று நான் சொல்லவில்லை. அந்தப் படத்தை அனுப்புகிறவர்களுக்கு பாரா வீரர் மேல் அக்கறை எதுவும் இல்லை, இன்னொருவரைத் திட்ட அவரை ஒரு கம்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் சொல்கிறேன். நிஜமாகவே ஒப்பிட வேண்டுமானால் அதே பாரிஸ் பாராலிம்பிக்ஸில் உஸ்பெகிஸ்தான் 10 தங்கம் வாங்கியது. மக்கள்தொகை நம் தமிழ்நாட்டில் பாதிதான். நெதர்லாந்து 27 தங்கம். அது தமிழ்நாட்டில் கால்வாசி. இதை யாரும் அனுப்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்

மேலே நம் கற்பனை நாட்டுக்கு 4 பதக்கம் என்று பெருமையாக எழுதினேன் இல்லையா? அந்தப் பட்டியலே ஒரு கள்ளக் கணக்கு. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன்.

ஐந்தொகையில் ஒரு சொத்தைக் காட்ட வேண்டுமென்றால், அது நம்முடையதாக இருக்க வேண்டும். அதற்கு நாம் பணம் போட்டிருக்க வேண்டும். மாரியப்பன் என்ற சொத்துக்கு யார் பணம் போட்டது?

ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அம்மா சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். மகனின் வைத்தியத்துக்கு வாங்கிய 3 லட்சம் கடன் அடைபடாமலே இருந்தது என்று 2016ல் செய்தி வந்தது. பயிற்சியாளர் சத்தியநாராயணா 2013ல் ஒரு தேசியப் போட்டியில் அவரைப் பார்த்து, 2015ல் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். 2016 மார்ச்சில் துனிசியாவில் 1.78 தாண்டித் தகுதி பெற்றார். செப்டம்பரில் தங்கம். அதன் பிறகுதான் தமிழக அரசு 2 கோடி, மத்திய அரசு 75 லட்சம், பத்மஸ்ரீ, கேல் ரத்னா, அரசு நிறுவனத்தில் வேலை என்று எல்லாம் வந்தது.

பரிசு கொடுத்தது தப்பு என்று யாராவது சொன்னால் அவருடன் நானே சண்டைக்குப் போவேன். அவர் சம்பாதித்தது அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். செலவு நடந்த காலமெல்லாம் காய்கறிக் கூடையிலிருந்து போயிருக்கிறது. லாபம் வந்த அன்று ஊரே பங்குதாரர் ஆகிவிட்டது. விதைக்கும்போது வராமல், களத்தில் நெல் குவிந்ததும் கையில் மாலையோடு வந்து நின்றால் எப்படி?

இப்போது அரசு பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை தருகிறது, முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாரிஸிலிருந்து தமிழ்நாட்டுக்கு 4 பதக்கம் வந்ததற்கு இதற்கும் பங்கு இருக்கும். ஆனால் உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்? ஏற்கனவே நன்றாக விளையாடுகிறவருக்கு. அந்த முதல் தாவலை எங்கே தாவுவது? அதுதான் என் கேள்வி.

ஒரு பி.டி. வாத்தியார் சொன்ன 'சரி'

மாரியப்பன் கதையில் எல்லோரும் பேருந்தையும் காய்கறிக் கூடையையும் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் பள்ளியில் முதலில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். உயரம் தாண்டு என்று சொன்னது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில் உடல் குறைபாடு இல்லாத பையன்களோடு சேர்ந்து போட்டியில் தாண்டி இரண்டாவதாக வந்தார்.

இதில் தங்கப் பதக்கம் எங்கே தீர்மானமானது என்று கேட்டால், ரியோவில் இல்லை என்பேன். "இவனும் தாண்டட்டும், பேர் எழுதிக்கோ" என்று ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முடிவான இடத்தில்தான். அதற்கு அரசாணை வேண்டியதில்லை, பட்ஜெட் வேண்டியதில்லை.

என் வகுப்பில் ஒரு நண்பன் இருக்கிறான். (பெயர் போடாதே என்று சொல்லிவிட்டான்.) பிறவியிலேயே ஒரு கால் வளர்ச்சி குறைவு. தோள்பட்டை மட்டும் பார்த்தால் மல்யுத்த வீரன் மாதிரி இருக்கும். ஒன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லா விளையாட்டு விழாவிலும் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஸ்கோர் எழுதுவது, தண்ணீர் கொடுப்பது, மைக்கில் பெயர் கூப்பிடுவது. எல்லாம் அன்பாகத்தான். "உனக்கு எதுக்குப்பா சிரமம், நிழல்ல உக்காரு" என்று. பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவனிடம் "குண்டு எறியறியா?" என்று கேட்டதில்லையாம். கல்லூரியிலும் அதே மைக்தான். "குரல் நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லியே என்னை ஓரமா உக்கார வச்சுட்டாங்கடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் குண்டு எறிந்திருந்தால் பாராலிம்பிக்ஸ் போயிருப்பானா? போயிருக்க மாட்டான் என்றே வைத்துக்கொள்வோம். நானும் நீங்களும் எட்டாம் வகுப்பில் நூறு மீட்டர் ஓடினோமே, ஒலிம்பிக்ஸ் போகவா ஓடினோம்? கடைசியாக வந்தோம், முட்டியைச் சிராய்த்துக்கொண்டோம், சாயங்காலம் அதைச் சொல்லிச் சிரித்தோம். தோற்பதற்குக்கூட ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். அவனுக்கு அந்தக் கோட்டைக்கூடக் கொடுக்கவில்லை. பாவம் பார்க்கிறோம் என்ற பெயரில் நாம் செய்தது அதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இதில் எத்தனை பேர் பள்ளியில் ஒரு போட்டியிலாவது பெயர் கொடுத்திருப்பார்கள்? ஒரு மாரியப்பனைக் காட்டி "பார், மனசு இருந்தா மார்க்கம் உண்டு" என்று மற்ற அத்தனை பேரிடமும் சொல்கிறோம். மனசு அவர்களிடம் இருக்கிறது. மைதானம் நம்மிடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. முன்பு 7 வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்த இடத்தில் இப்போது 21 வகை. அதில் விளையாட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 30வது பிரிவு. விளையாட்டில் அவர்கள் பங்கேற்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த 5 வருடத்துக்குள் எல்லோரும் ஏறிப் போகும்படி மாற்ற வேண்டும் என்று 45வது பிரிவு சொல்கிறது. விதிகள் வந்தது 2017ல். அதாவது 2022லேயே கெடு முடிந்தது. இப்போது உங்கள் கல்லூரி கேலரிக்கு ஏற எத்தனை படி, சாய்தளம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் பார்த்த வரையில் சாய்தளம் பெரும்பாலும் முதல்வர் அறை இருக்கும் கட்டடத்தின் வாசலோடு சரி. மைதானத்துக்கு இல்லை.

அதுக்கு என்னதான் பண்ணச் சொல்றே?

நியாயமான கேள்வி. என்னால் சட்டம் போட முடியாது. ஸ்டேடியம் கட்ட முடியாது. அதனால் என் கைக்கு எட்டுவதை மட்டும் சொல்கிறேன்.

1. விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கும் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: மாற்றுத்திறனாளி மாணவர் போட்டி. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலேயே சேர்க்க வேண்டும். ஆள் இருந்தால் போட்டி வைக்கிறோம் என்றால் என்றைக்கும் ஆள் வராது.

2. உட்கார்ந்து குண்டு எறிவது பாராலிம்பிக்ஸிலேயே உள்ள போட்டி. தீபா மாலிக் 2016ல் வெள்ளி வாங்கியது அதில்தான். நமக்கு வேண்டியது அசையாத ஒரு இரும்பு நாற்காலி, ஒரு குண்டு, ஒரு அளவு நாடா. மூன்றும் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. பொருளாதார வாத்தியார் சொல்லும் இறுதிநிலைச் செலவு, அதாவது கூடுதலாக ஒன்று செய்ய ஆகும் செலவு, இங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்.

3. மூன்று பேர்தான் வந்தார்கள், மூன்று பேருக்கும் பரிசு என்றால் அது போட்டியா என்று கேட்பார்கள். போன வருடம் எங்கள் கல்லூரியில் போல் வால்ட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டே பேர். இரண்டு பேருக்கும் பரிசு கொடுத்தோம், கைதட்டினோம்.

4. யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். மைக் பிடிக்கத்தான் பிடிக்கும் என்றால் மைக் பிடிக்கட்டும். ஆனால் முதலில் கேட்க வேண்டும்.

அடிபட்டால் யார் பொறுப்பு என்று ஒரு வாதம் வரும். கபடியில் வருடா வருடம் யாருக்காவது கை உடைகிறது. அதற்காகக் கபடியை யாரும் நிறுத்தவில்லை. அடி எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்த வருட விளையாட்டு விழாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எங்கள் துறை விளையாட்டுச் செயலாளரிடம் தாளில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறான். சாரிடம் நானும் போய்க் கேட்கப் போகிறேன். நண்பனிடம் இந்த விஷயத்தைச் சொன்னபோது "முதல்ல குண்டு எவ்ளோ எடைன்னு சொல்லு" என்றான். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

மற்ற கல்லூரி மக்களே, நீங்களும் உங்கள் தாளைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

கொசுறு: டோக்கியோவில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியவர் மாரியப்பன்தான். கொரோனா வந்த ஒருவருக்கு அருகில் இருந்தார் என்று தனிமைப்படுத்திவிட்டார்கள். கொடியை தேக் சந்த் பிடித்தார். சில நாள் கழித்து மாரியப்பன் மழைத்தூறலில் தாண்டி வெள்ளி வாங்கினார். நம் கற்பனை நாட்டுக்கு மட்டும் கொடி என்றைக்கும் அவர் கையில்தான் :-)